சனிக்கு ஏன் இரண்டரை ஆண்டு?

கேள்வி: ஆலங்குடியில் ஆண்டுக்கு ஒருமுறை குருப்பெயர்ச்சி நடக்கிறது, திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சிக்கோ இரண்டரை ஆண்டுகள் காத்திருக்கிறோம். இரண்டுமே சூரியனைச் சுற்றும் கோள்கள்தாமே, ஏன் இந்த வேறுபாடு? ஒரே திசையில் சுற்றும் கோள் ‘வக்கிரம்’ அடைவது, அதாவது பின்னோக்கி நகர்வது எப்படி? – வாசகி, நீடாமங்கலம்.

பதில்: தொலைவில் இருக்கும் கோளுக்குச் சுற்றுப்பாதை நீளம் என்பது பாதி விடைதான். பூமியைப்போல ஏறத்தாழ 9.5 மடங்கு தொலைவில் சனி இருப்பதால் அதன் பாதையும் அத்தனை மடங்கு நீளம்; ஆனால் வேகம் பூமிக்கு நிகராக இருந்திருந்தால் ஒன்பதரை ஆண்டுகளில் அது ஒரு சுற்றை முடித்திருக்கும். உண்மையில், சூரியனின் ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், அந்த மெல்லிய ஈர்ப்பில் வட்டமிட மெதுவான ஓட்டமே போதும். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓட, வியாழன் 13 கிலோமீட்டரும் சனி 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவுமே ஓடுகின்றன. பாதையும் நீண்டு வேகமும் தளர்வதால் சனியின் ஒரு சுற்றுக்கு 29.5 ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பன்னிரண்டு ராசிகளுக்குப் பகிர்ந்தால் கிடைப்பதே உங்கள் இரண்டரை ஆண்டு. சனிக்கு ‘மந்தன்’ என்று பெயரிட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பொறுமையுடன் பார்த்தவர்கள். தொலைவுக்கும் சுற்றுக்காலத்துக்கும் உள்ள இந்த உறவைக் கெப்ளர் 1619-இல் விதியாக வெளியிட்டார்.

வக்கிரத்தின்போது எந்தக் கோளும் பின்வாங்குவதில்லை. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லும் பேருந்தில் இருந்தபடி, பக்கத்தில் மெதுவாகப் போகும் டிராக்டரை முந்தும்போது கவனியுங்கள்: முன்னோக்கியே ஓடும் அந்த டிராக்டர், தொலைவிலுள்ள தென்னந்தோப்பின் பின்னணியில் பின்னுக்கு நழுவுவதுபோலத் தோன்றும். உள்வட்டத்தில் விரையும் பூமி, வெளிவட்டத்தில் செல்லும் வியாழனையோ சனியையோ முந்தும்போது நிகழ்வதும் இதுவே. தென்னந்தோப்பின் இடத்தில் விண்மீன்கள் நிற்கின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் வியாழனுக்கு ஏறக்குறைய நான்கு மாதமும் சனிக்கு நான்கரை மாதமும் இந்தத் தோற்றம் நீடிக்கும்.

முந்தும் அந்தச் சமயத்தில் சூரியன், பூமி, கோள் மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைவதால், சூரியன் மறையும் வேளையில் கோள் கிழக்கே உதித்து இரவு முழுவதும் தெரியும். மகாமகத்தையே பாருங்கள்: மாசியில் சூரியன் கும்பத்தில் இருக்க, நேரெதிரே சிம்மத்தில் குரு நிற்கிறார்; ஆகவே 2004, 2016 ஆகிய இரு மகாமகங்களின்போதும் வியாழன் வக்கிரத்தில்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வியாழனின் சுற்றுக்காலம் முழுமையான 12 ஆண்டுகள் அன்று, 11.86 ஆண்டுகள். ஏழு சுற்றுகளுக்கு 84 ஆண்டுகள் ஆக வேண்டிய இடத்தில் 83 ஆண்டுகளே ஆகின்றன. எப்போதாவது ஒரு மகாமகம் 11 ஆண்டுகளிலேயே வந்துவிடுவதற்கு அந்தக் குறையே காரணம்.