தலைவரை யார் சந்தித்தார் என்று கேட்கலாமா?

கேள்வி: புறக்கோட்டையில் சிறு இறக்குமதியாளர் சங்கமொன்றின் செயலாளர் நான். எங்கள் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு புதிய அனுமதிப்பத்திர விதிகளின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. நாங்களும் எழுதி அனுப்பினோம். இறுதி விதிகளில் சிறு வியாபாரிகளுக்கான கட்டணச் சலுகையைக் காணவில்லை. இடையில் பெரிய நிறுவனங்களின் ஆட்கள் தலைவரைத் தனியே சந்தித்ததாகக் கேள்வி. விசாரித்தால், "மரியாதை நிமித்தமான சந்திப்பு, குறிப்பு எதுவும் இல்லை" என்கிறார்கள். இது சட்டப்படி சரியா?

பதில்: தனியே சந்தித்தது மட்டும் சட்டமீறல் ஆகாது. துறையில் இருப்பவர்களோடு பேசாமல் எந்த ஆணைக்குழுவும் வேலை செய்ய முடியாது. நாளை நீங்களும் நேரம் கேட்பீர்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில், விதியாக்கம் நடக்கும்போது தனியே போய்ப் பேசியவர் தாம் பேசியதன் சுருக்கத்தைப் பொதுவாக இரண்டு வேலை நாட்களுக்குள் பகிரங்கக் கோப்பில் சேர்க்க வேண்டும். எல்லா ஆணைக்குழுக்களையும் அப்படிக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இலங்கையில் இல்லை. நம் கையில் இருப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

அதைப் பயன்படுத்தும் பலர் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். "கூட்டத்தில் என்ன பேசப்பட்டது?" என்று எழுதுவார்கள்; "பதிவு இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்து சேரும். சட்டம் தருவது ஏதோவொரு வடிவில் பதிவான தகவலைத்தான். ஆகவே அந்தச் சந்திப்பு விட்டுச்சென்ற தாள்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: குறித்த இரு மாதங்களுக்கான தலைவரின் நாட்குறிப்பு, நேரம் ஒதுக்கித் தரக் கேட்ட மின்னஞ்சல்கள், வந்தவர்கள் கையளித்த ஆவணங்கள், சலுகைப் பிரிவு நீக்கப்பட்டது தொடர்பான உள்ளகக் குறிப்புகள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது வருகைப் பதிவேடு. கொழும்பில் இத்தகைய அலுவலகம் எதற்குள் நுழைந்தாலும் வாசலில் ஒரு நீட்டுக் கொப்பியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், யாரைச் சந்திக்க வந்தீர்கள், உள்ளே சென்ற நேரம், வெளியேறிய நேரம் என்று எழுத வைப்பார்கள். மரியாதை நிமித்தமாக வந்தவர் எவ்வளவு நேரம் மரியாதை செலுத்தினார் என்பது அதில் தெரிந்துவிடும். ஆணைக்குழு வாடகை மாடியில் இயங்கினால், கீழ்த்தளத்துக் கொப்பி கட்டட நிர்வாகத்துக்குரியது என்று தட்டிக்கழிக்கக்கூடும். அதனால் ஆணைக்குழுவின் சொந்த வரவேற்பு மேசைப் பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். அடையாள அட்டை இலக்கங்களை மறைத்துத் தந்தால் போதும் என்று நீங்களே எழுதிவிடுங்கள். தனிப்பட்ட விவரம் என்ற மறுப்புக்கு இடமிருக்காது. மறுக்கத்தக்க பகுதியை நீக்கி மிகுதியைத் தரும்படி 6ஆம் பிரிவும் சொல்கிறது.

விண்ணப்பத்தை ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியை இணைத்தால் மொழிபெயர்ப்புச் சாட்டில் நாள் கடத்த மாட்டார்கள். சங்கத்தின் பெயரிலும் கேட்கலாம்; உறுப்பினர்களில் முக்கால் பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக இருக்க வேண்டும். ஒப்புகைக் கடிதத்தை மறக்காமல் வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே ஆணைக்குழுவில் மேன்முறையீடுகளைக் கேட்கக் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பெரும்பாலும் "வர்த்தக இரகசியம்" என்ற பதில் வரும். நிறுவனம் கொடுத்த விலைக் கணக்குக்கு அது பொருந்தலாம். யார், எந்தத் தேதியில் வந்தார்கள் என்பது எப்படி இரகசியமாகும்? பொதுநலன் மேலோங்கினால் விதிவிலக்குக்குள் அடங்கும் தகவலையும் தர வேண்டும் என்கிறது 5(4) பிரிவு. மேன்முறையீட்டில் அந்த இலக்கத்தைக் குறிப்பிட்டு, வரைவில் இருந்த சலுகைப் பிரிவையும் இறுதி விதியையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுங்கள்.

உண்மையிலேயே எந்தப் பதிவும் இல்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பதிவேடுகளை முறையாகப் பேணுவது 7ஆம் பிரிவின்படி அவர்களின் கடமை. இருக்கும் பதிவை அழிப்பதோ மறைப்பதோ குற்றம். 50,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ விதிக்கலாம்.

உங்களுக்குக் காட்டாத, பதிலளிக்க வாய்ப்புத் தராத ஆவணத்தை வைத்து முடிவெடுத்தார்கள் என்று தெரியவந்தால், அந்த முடிவை ரத்துச் செய்யக் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனுவுக்கு இடமுண்டா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். ரிட் மனுவில் தாமதம் பாதகமாகும். தாள்கள் அனைத்தும் கைக்கு வரட்டும் என்று காத்திராமல் இப்போதே பேசிவைப்பது நல்லது.

இதற்கிடையில் நீங்களும் தலைவரிடம் நேரம் கேட்டுக் கடிதம் கொடுங்கள். கிடைத்தால், பேசி வந்த அன்று மாலையே பேசியவற்றைச் சுருக்கி எழுதி, "எங்கள் சந்திப்பின் குறிப்பு" என்று ஆணைக்குழுவுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். உங்கள் சந்திப்புக்குக் குறிப்பு இல்லை என்று பிறகு எவரும் சொல்ல முடியாது.