அணைவுச் சேர்மங்களில் நிலைப்பு வேறு, வேகம் வேறு

கேள்வி இது: "அணைவுச் சேர்மங்களின் வினைத்திறனை உலோகமும் ஈனியும் எப்படித் தீர்மானிக்கின்றன? நிலைப்பு மாறிலி அதிகம் என்றால் அந்தச் சேர்மம் லேசில் வினைபுரியாது என்று எடுத்துக்கொள்ளலாமா?"

(அணைவு என்றால் நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள். அப்படிப் பிடித்திருப்பவைதான் ஈனிகள். அந்தப் பிடி எவ்வளவு இறுக்கம் என்று சொல்லும் எண்தான் நிலைப்பு மாறிலி.) இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, எம்.எஸ்சி. ஆய்வகத்தில் அசடு வழிந்து தெரிந்துகொண்டேன்.

குரோமியம் கரைசல் ஒன்றைக் கொடுத்து, அளவைக் கண்டுபிடி என்றார்கள். குரோமியத்துக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ஈனிக்கும் நிலைப்பு மாறிலி ஏறக்குறைய 10-இன் 23-ஆம் அடுக்கு. அடேயப்பா, இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்றால் நேரடியாகவே தரம் பார்த்துவிடலாம் (டைட்ரேஷன்) என்று ஈ.டி.டி.ஏ. ஊற்றிய ப்யூரெட்டைத் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கரைசல் அதே மங்கலான நீல ஊதாவில் கிடந்தது. இன்னும் பத்து மில்லி விட்டேன், அப்போதும் இல்லை. பக்கத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்து, "தம்பி, குரோமியமா? கொதிக்க வைங்க" என்றார். அடுப்பில் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் அடர்ந்த ஊதா நிறம் ஏறியது பாருங்கள், கத்திரிக்காய்த் தோல் நிறம்.

பிளஸ் டூ ஆய்வகத்தில் காப்பர் சல்பேட்டில் அம்மோனியா விட்டிருப்பீர்கள். விட்டுக்கொண்டே போனால் கண்ணெதிரே கருநீலமாகிவிடும். அங்கே அடுப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை. இரண்டுமே அணைவுகள்தான். மாறியது உலோகம்.

உலோக அயனியைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக இடம் மாறுகின்றன என்று அளந்திருக்கிறார்கள். காப்பர் 2+ அயனியில் நொடிக்கு நூறு கோடி முறைக்கு மேல். நிக்கல் 2+ அயனியில் சுமார் முப்பதாயிரம் முறை. குரோமியம் 3+ அயனியில் ஒரு நீர் மூலக்கூறு நாள்கணக்கில் நகராமல் உட்கார்ந்திருக்கும். இரிடியம் 3+ அயனியில் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 300 ஆண்டுகள்! ஈனி எல்லாவற்றிலும் அதே தண்ணீர்தான்.

காரணம் பெரும்பாலும் டி ஆர்பிட்டால்களில், அதாவது உலோகத்தின் எலக்ட்ரான்கள் குடியிருக்கும் ஒருவகை இடங்களில், இருக்கிறது. குரோமியத்தின் மூன்று டி எலக்ட்ரான்களும் ஈனிகளின் திசையை விட்டு விலகி, இடைவெளிகளில் சௌகரியமாக அமர்ந்திருக்கின்றன. ஒரு ஈனி உள்ளே வரவோ வெளியே போகவோ அந்த ஏற்பாடு கலைய வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். ஒன்பது டி எலக்ட்ரான் கொண்ட காப்பரிலோ ஆறு ஈனிகள் சூழ்ந்த எண்முகி வடிவமே கோணிக்கொண்டு, மேலும் கீழும் உள்ள இரண்டு பிணைப்புகள் நீண்டு தளர்ந்து கிடக்கும். எந்த அயனி சீக்கிரம் மாறும், எது மந்தம் என்பதை எலக்ட்ரான் அமைப்பை வைத்து 1952-இல் ஒழுங்குபடுத்தியவர் ஹென்றி டாபே. உலோக அணைவுகளில் எலக்ட்ரான் பரிமாற்றம் நடக்கும் விதத்தை ஆராய்ந்ததற்காக 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நிலைப்பு வேறு, வேகம் வேறு என்பதற்கு என் வகுப்பில் நான் சொல்லும் ஜோடி ஒன்று உண்டு. நிக்கலை நான்கு சயனைடுகள் சூழ்ந்த டெட்ராசயனோ நிக்கலேட் அயனியின் நிலைப்பு மாறிலி 10-இன் 30-ஆம் அடுக்கை ஒட்டியது. ஆனாலும் அதன் சயனைடுகள் கரைசலிலுள்ள சயனைடுகளோடு சட்சட்டென்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். மறுபக்கம் ஆறு அம்மோனியா சூழ்ந்த ஹெக்சாஅம்மின் கோபால்ட் 3+ அயனி. அமிலத்தில் போட்டால் கணக்குப்படி அது சிதைந்தே ஆக வேண்டும். அதுவோ நாள்கணக்கில் மஞ்சளாக அப்படியே இருக்கும். சிதைய வேண்டும் என்பது உண்மை, சிதைய வழி கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

சரி, ஈனி என்ன செய்கிறது? இதற்குப் பிளாட்டினத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிஸ்பிளாட்டின் ஒரு சதுரத் தளச் சேர்மம்: நடுவில் பிளாட்டினம், ஒரு பக்கம் இரண்டு அம்மோனியா, மறு பக்கம் இரண்டு குளோரைடு. குளோரைடுகள் எதிரெதிர் மூலைக்குப் போனால் அது டிரான்ஸ் மாற்றியம். சிஸ் புற்றுநோய் மருந்து, டிரான்ஸ் மருந்துக்கு உதவாது.

நான்கு குளோரைடு கொண்ட டெட்ராகுளோரோ பிளாட்டினேட்டில் அம்மோனியா சேர்த்தால் சிஸ் கிடைக்கும். நான்கு அம்மோனியா கொண்ட சேர்மத்தில் குளோரைடு சேர்த்தால் டிரான்ஸ் கிடைக்கும். காரணம், குளோரைடுக்குத் தனக்கு எதிர் மூலையில் இருப்பவரைக் காலி செய்ய வைக்கும் குணம் அம்மோனியாவை விட அதிகம். இதை டிரான்ஸ் விளைவு என்பார்கள். 1926-இல் இதைச் சொன்னவர் ரஷ்ய வேதியியலாளர் செர்னியாயெவ். அயோடைடுக்கு இந்தக் குணம் குளோரைடை விடவும் அதிகம். அதனால் முதலில் நான்கு குளோரைடையும் அயோடைடாக மாற்றிவிட்டு, அம்மோனியா சேர்த்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டால் அயோடைடை நீக்கிக் குளோரைடைத் திரும்ப வைத்தால் சுத்தமான சிஸ் கிடைக்கும். 1970-இல் ஓர் இந்திய வேதியியல் இதழில் வந்த தாராவின் முறை இது. இன்றும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். (நான்கே மூலை உள்ள ஒரு சேர்மத்தில் இவ்வளவு வாடகைத் தகராறு!)

இங்கேயும் உலோகத்தை மறந்துவிடாதீர்கள். அதே அமைப்பில் பிளாட்டினத்துக்குப் பதில் பல்லேடியத்தை வைத்தால் வினை ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு வேகமாகிவிடும். அந்தப் பல்லேடியம் சேர்மம் புற்றுநோய்க் கட்டிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே வழியில் எதிர்ப்பட்டவற்றோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிளாட்டினத்தின் மந்தம்தான் அதை மருந்தாக்கியது. இரத்தத்தில் குளோரைடு அதிகம், லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல். அதனால் அங்கே குளோரைடு கழன்றாலும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குள் அது மிகக் குறைவு. அங்கே போனதும் குளோரைடு இருந்த இடத்தில் நீர் வந்து அமரும், அப்புறம் நீரைத் தள்ளிவிட்டு டி.என்.ஏ.விலுள்ள குவானினின் நைட்ரஜன் பிடித்துக்கொள்ளும். குளோரைடு கழல உடல் வெப்பநிலையில் அரை ஆயுள் இரண்டு மணி நேரம் போல. நொடியில் கழலும் ஈனியும் பயன்படாது, வருடக்கணக்கில் கழலாத ஈனியும் பயன்படாது.

இதை நேரில் பார்த்தது என் சித்திக்குச் சிகிச்சை நடந்தபோது. சிஸ்பிளாட்டினை உப்புநீரில் கலந்து ஏற்றினார்கள். பழக்கதோஷத்தில் செவிலியரிடம் ஏன் என்று கேட்டேன். "இதை வெறும் குளுக்கோஸ்ல கலக்க மாட்டோம் சார், மருந்து கெட்டுடும்" என்றார். பாட்டிலுக்குள்ளேயே குளோரைடு கழன்றுவிடாமல் இருக்கக் குளோரைடு தேவை. அவர் சொன்னதில் அத்தனை வேதியியலும் அடக்கம். சிறுநீரகம் தாங்காது என்று பிறகு கார்போபிளாட்டினுக்கு மாற்றினார்கள். அதில் இரண்டு குளோரைடுகளுக்குப் பதிலாக, பிளாட்டினத்தை இரண்டு கைகளால் பிடிக்கும் ஒரே டைகார்பாக்சிலேட் ஈனி. ஒரு கை விட்டாலும் இன்னொரு கை பிடித்திருப்பதால் மிக மெதுவாகத்தான் கழலும், அதனால் சிறுநீரகத்துக்குப் பாதிப்பு குறைவு. ஆனால் இரத்தத் தட்டணுக்கள் குறையும், அதற்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்தார்கள்.

அந்த மருந்தை ஏற்றிய அன்று தொங்கிய பாட்டிலில் குளுக்கோஸ் என்று எழுதியிருந்தது. இந்த முறை நான் கேள்வி கேட்கவில்லை. உப்புநீரில் வைத்தால் குளோரைடு அந்த இரண்டு கைகளையும் மெல்ல விலக்கி மறுபடி சிஸ்பிளாட்டினாக்கப் பார்க்கும்.