முறுக்குக் கடைக் கணக்கும் மகளின் மேற்படிப்பும்

மணப்பாறையில் முறுக்குக் கடை வைத்திருப்பவர் மகளின் படிப்பு பற்றி யோசனை கேட்க அவளோடு என்னிடம் வந்திருந்தார். நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்கச் சொல்லி மைத்துனர் நெருக்குகிறாராம். மகளோ கணிதம்தான் வேண்டும் என்கிறாள். அவர் மடியில் வீட்டுப் பத்திரம். அவரிடம் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

ஐயா, அந்தப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். பிள்ளைக்கு மனமில்லாத படிப்புக்காக வீட்டைப் பணயம் வைப்பதை நான் ஒப்பவே மாட்டேன். வட்டி கட்டப்போவது மைத்துனர் அல்ல.

"கணக்குப் படித்தால் வாத்தியார் வேலைதானே?" என்றார். அவர் கடையையே தாளில் எழுதினோம். ஒரு நாளில் கிடைக்கும் அடுப்பு நேரம் 480 நிமிடம், கைவேலை நேரம் 480 நிமிடம். ஒரு கிலோ முறுக்குக்கு அடுப்பு 8, கைவேலை 4 நிமிடம். மிஞ்சுவது 60 ரூபாய். ஒரு கிலோ அதிரசத்துக்கு அடுப்பு 4, கைவேலை 8, மிஞ்சுவது 50. முறுக்கு மட்டும் சுட்டால் 60 கிலோ, 3,600 ரூபாய். இரண்டிலும் தலா 40 கிலோ சுட்டால் 4,400. இன்னும் ஒரு மணி நேரம் அடுப்பு கிடைத்தால் 350 ரூபாய் கூடும். கைவேலை ஒரு மணி நேரம் கூடினால் 200தான். ஆகவே ஆள் சேர்ப்பதைவிட அடுப்புக்குச் செலவழிப்பதே முதலில் யோசிக்க வேண்டியது. கடைசிக் கணக்கை மகளே போட்டாள். அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருக்கும் நேரத்தையும் பொருளையும் எப்படிப் பங்கிட்டால் அதிகம் மிஞ்சும் என்று கணிதத்தால் கண்டுபிடிக்கும் இந்தத் துறைதான் செயல்முறை ஆராய்ச்சி (Operations Research). 1939இல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தயாரிப்புக்காக இதே வகைக் கேள்வியை எடுத்துக்கொண்ட சோவியத் கணித அறிஞர் கான்டரோவிச்சுக்கு 1975இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. விமானப் பணியாளர் முறைப்பட்டியல், கிடங்குச் சரக்கு, மின் உற்பத்திப் பங்கீடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

வழி நீளமானது, மறைக்கமாட்டேன். பி.எஸ்சி.யோடு நின்றால் இந்தத் துறையில் நல்ல வேலை அரிது. அரசுக் கல்லூரியில் கணிதமோ புள்ளியியலோ படிக்கட்டும். கூடவே பைத்தான் நிரலெழுதப் பழகட்டும். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் செயல்முறை ஆராய்ச்சிக்கென்றே தனித் துறை இருக்கிறது. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் தரம், நம்பகம், செயல்முறை ஆராய்ச்சி மூன்றும் சேர்ந்த எம்.டெக். இருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள்.

அடுத்த முறை வரும்போது பத்திரம் வேண்டாம். கடையின் போன மாதக் கணக்கு நோட்டை எடுத்து வாருங்கள். தீபாவளிச் சரக்கை மகள் திட்டமிடட்டும்.