தலையைக் கொடுத்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட ஆப்பிரிக்கத் துறைமுகமான திரிப்போலியை எதிர்த்து நடந்த போரில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஸ்டீபன் டிகேட்டரைக் காப்பாற்றிய மாலுமியை வைத்துக் குறுநாவல் எழுதுகிறேன். ரூபன் ஜேம்ஸ் என்கிறார்கள், டேனியல் ஃப்ரேசியர் என்றும் சொல்கிறார்கள். எந்த மாலுமியாக இருந்தால் என்ன, வீரம்தானே முக்கியம்? அக்காலக் கப்பல் வாழ்க்கையைப் பற்றி எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

கப்பல் வாழ்க்கையைப் பற்றி இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். 'எந்த மாலுமியாக இருந்தால் என்ன' என்ற இடத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெட்டு வாங்கியவரிடம் இப்படிக் கேட்பீர்களா?

1804 ஆகஸ்ட் 3. தம்பி சுடப்பட்ட செய்தி கேட்டு எதிரிப் படகில் பாய்ந்த டிகேட்டரின் வாள் முறிந்தது. கட்டிப் புரளும்போது இன்னொருவன் அவர் தலையைக் குறிவைத்து வாளை ஓங்க, ஏற்கெனவே கைகளில் காயம்பட்டிருந்த ஒரு மாலுமி தன் தலையைக் குறுக்கே கொடுத்தார். இது எல்லோரும் சொல்லும் கதை. புகழ் ஜேம்ஸுக்குப் போயிற்று. ஆனால் அன்று காயம்பட்டோரைப் பற்றிக் கப்பல் மருத்துவர் எழுதிய குறிப்பில் ஜேம்ஸ் பெயர் இல்லை. ஃப்ரேசியர் இருக்கிறார்: தலையில் வெட்டு, மணிக்கட்டில் வெட்டு.

என் அப்பா ஒரு மருத்துவமனையில் கம்பவுண்டர். வெட்டுக்குத்து என்று இரவில் ஆட்கள் வந்தால் டாக்டர் சொல்லச் சொல்லப் பதிவேட்டில் எழுதுவார். இடது புருவத்துக்கு மேல், நீளம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு. அதற்குள் வராந்தாவில் உறவுக்காரர்கள் நான்கு விதமாகக் கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "கதை போலீசுக்கு, காயம் எனக்கு" என்பார். அந்தப் பதிவேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் நான். கப்பல் மருத்துவருக்கும் யார் வீரன் என்று தீர்ப்பது வேலையில்லை, தையல் போடுவதுதான் வேலை. அவர் குறிப்பை நான் நம்புவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கடற்படை இருவர் பெயரையும் கப்பல்களுக்கு வைத்தது. ஜேம்ஸ் பெயரில் மூன்று, ஃப்ரேசியர் பெயரில் 1942இல் ஒன்று. முதல் 'ரூபன் ஜேம்ஸ்' 1941 அக்டோபர் 31 அன்று ஜெர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. அதோடு அந்தப் பெயர் இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டது. ஜேம்ஸ் மீது எனக்கு வருத்தமில்லை. அவரும் பின்னால் 1815இல் டிகேட்டரின் கப்பலில் காயம்பட்டவர்தான். அந்தக் காயம் அவருடையது, இது இவருடையது.

ஃப்ரேசியர் என்றே எழுதுங்கள், தம்பி. முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். மணிக்கட்டுக் காயம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

அன்புடன்,
மு.