ஹூசாவிக்கில் இரண்டு இரவு: முதலில் காற்றைப் பாருங்கள்

கேள்வி: ஜூன் கடைசி வாரம் ஐஸ்லாந்து போகிறோம். வடகரையில் உள்ள ஹூசாவிக் ஊரில் இரண்டு இரவு தங்கல். நான், மனைவி, பத்து வயது மகள், 68 வயதான அம்மா. அம்மா சுத்த சைவம். பஸ் பயணத்திலேயே குமட்டல் வரும். அக்குரேரியில் வாடகைக் கார் எடுக்கிறோம். திமிங்கிலம் பார்க்கத்தான் போகிறோம், ஆனால் அதற்கு எந்த நாள், எந்த நேரம் நல்லது? மீதி நேரத்தில் என்ன பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்: ஹூசாவிக் சுமார் 2,500 பேர் வாழும் மீன்பிடி ஊர். துறைமுகம், தேவாலயம், அருங்காட்சியகம் எல்லாமே நடை தூரம். ஊருக்குள் பார்க்க வேண்டியதை எந்த நேரத்திலும் பார்த்துக்கொள்ளலாம், படகுச் சவாரி மட்டும் காற்று விட்ட வழி. அதனால் படகை முதல் நாளே போட்டுவிடுங்கள். பலர் அதைக் கடைசி நாளுக்கு ஒதுக்குகிறார்கள்; அன்று காற்று கெட்டால் பணம் திரும்பி வரும், திமிங்கிலம் வராது. முதல் நாள் ரத்தானால் மறுநாள் காலையில் போக உங்களுக்கு இடம் இருக்கும்.

ஊர் இருப்பது ஸ்க்யால்ஃபாண்டி விரிகுடாவின் கிழக்குக் கரையில். விரிகுடாவின் வாய் வடக்கே திறந்திருக்கிறது. ஆகவே வாடைக் காற்று அடித்தால் திறந்த கடலின் அலை அப்படியே உள்ளே வரும். தெற்கிலிருந்து அடித்தால், அதே வேகத்திலும் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஐஸ்லாந்து வானிலை நிலையம் காற்றை நொடிக்கு மீட்டர் கணக்கில் சொல்லும், 3.6 ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர். 5 வரை அம்மாவுக்கும் சுகமான பயணம். 8ஐ நெருங்கினால் வெண்ணுரை தெரியும். வடக்கிலிருந்து 10ஐத் தாண்டினால் படகு கிளம்பினாலும் அம்மாவைக் கரையில் விட்டுச் செல்வதே நல்லது. இன்னொன்று: வெயில் நன்றாக அடிக்கும் கோடை நாட்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும், மாலையில் தணியும். ஜூன் இறுதியில் இரவு முழுதும் வெளிச்சம் என்பதால் இரவு எட்டு மணி வாக்கிலும் படகு உண்டு. காலை அல்லது இரவுப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள், நடுப்பகலை விடுங்கள்.

இங்கே ஏன் இவ்வளவு திமிங்கிலம்? இரண்டு ஆறுகள் இந்த விரிகுடாவில் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆற்று நீரும் குளிர்ந்த கடல் நீரும் கலக்கும் இடத்தில் மிதவை உயிர்கள் பெருகும். அவற்றைத் தின்னக் கூனி இறால்களும் சிறு மீன்களும், அவற்றைத் தின்னத் திமிங்கிலங்களும் வருகின்றன. அதிகம் தென்படுவது கூன்முதுகுத் திமிங்கிலம். அடுத்து மிங்கே திமிங்கிலம், வெண்மூக்கு டால்பின். நீலத் திமிங்கிலம் வந்தால் பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான் வரும். அது கிடைத்தால் பேறு, அதை நம்பிப் போகாதீர்கள். திமிங்கிலமே தென்படாவிட்டால் பல நிறுவனங்கள் இன்னொரு பயணத்துக்கு இலவசச் சீட்டுத் தரும். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

படகில் இரண்டு வகை. பழைய மீன்பிடிப் படகுகளைப் புதுப்பித்து ஓட்டும் மரப்படகு ஒன்று; சுமார் மூன்று மணி நேரப் பயணம், உள்ளே உட்கார இடம், கழிப்பறை எல்லாம் உண்டு. காற்றடைத்த ரப்பர் விசைப்படகு மற்றொன்று. வேகமாக ஓடும், ஒவ்வொரு அலைக்கும் முதுகுத்தண்டில் அடி விழும். கர்ப்பிணிகளையும் முதுகு வலி உள்ளவர்களையும் சிறு குழந்தைகளையும் அதில் ஏற்ற மாட்டார்கள். உங்கள் குடும்பத்துக்கு மரப்படகுதான். பஃபின் பறவைகள் கூடு கட்டும் லுண்டே தீவையும் சேர்த்துச் சுற்றும் பயணம் இருந்தால் அதை எடுங்கள். லுண்டே என்றாலே பஃபின் தீவு என்று பொருள். ஆகஸ்ட் நடுவில் அவை கடலுக்குப் போய்விடும். ஜூன் இறுதியில் நிறைய இருக்கும்.

அம்மாவின் குமட்டல் மாத்திரையை இங்கேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. சிலருக்கு அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும், எனவே வீட்டில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் ஏற்றாதீர்கள்; இரண்டு இட்லி அளவுக்கு எளிய உணவு போதும். படகின் நடுப்பகுதியில்தான் ஆட்டம் குறைவு. அங்கே நின்று தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிருகிறதே என்று உள்ளறைக்குள் போவதுதான் பலரும் செய்யும் தவறு. கண் அசையாத சுவரைப் பார்க்கும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடல் ஆடுவதை உணரும்; இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டல் கூடுகிறது.

ஊரில் 8 முதல் 12 டிகிரி இருக்கும்; கடலில் அதைவிடக் குளிரும். படகுக்காரர்கள் தலை முதல் கால் வரை மூடும் தடித்த ஓவரால் தருவார்கள். அது புடவை மேல் ஏறாது. அம்மா அன்றைக்கு மட்டும் பேன்ட் போடட்டும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன். பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். கையுறை, காதை மூடும் குல்லா கட்டாயம். அரை மணி நேரம் முன்னதாகத் துறைமுகத்தில் இருங்கள், படகு காத்திருக்காது.

வழிகாட்டி "இரண்டு மணியில் மூச்சு!" என்று கூவுவார். படகின் முன்முனை பன்னிரண்டு மணி, வலப்புறம் மூன்று, பின்புறம் ஆறு. மகளுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவள் திமிங்கிலத்தைப் பார்த்துவிடுவாள். கூன்முதுகு விடும் மூச்சு புதர் போல இரண்டு மூன்று மீட்டர் எழும். நீலத் திமிங்கிலத்தினுடையது தூண் போல ஒன்பது மீட்டர் வரை போகும். மிங்கேயின் மூச்சு பெரும்பாலும் தெரியவே தெரியாது. கூன்முதுகு நாலைந்து முறை மூச்சு விட்டு, முதுகை நன்றாக வளைத்தால், அடுத்து வால் மேலே வரும். கேமராவை அப்போதே தூக்கிவிடுங்கள். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, லென்ஸ் 300 மி.மீ. வரை இருந்தால் தாராளம். வாலின் அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு; ஆய்வாளர்கள் தனித்தனி விலங்கை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். தொலைநோக்கி 7 அல்லது 8 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் ஆடும் தளத்தில் படம் நிற்காது.

படகுக்கு முன்னால் திமிங்கில அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். துறைமுகத்தை ஒட்டிய பழைய இறைச்சிக்கூடக் கட்டடத்தில் இருக்கிறது. 2010இல் கரை ஒதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் 25 மீட்டர் நீள எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. அந்த அளவை மனத்தில் வாங்கிக்கொண்டு போனால்தான், கடலில் தெரியும் ஒரு முழ முதுகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மகளுக்குப் புரியும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சாலைக்கு எதிரே 1907இல் நார்வே மரத்தால் கட்டிய தேவாலயம், பத்து நிமிடம்.

அக்குரேரியிலிருந்து வரும் நாளில் கோதாஃபாஸ் அருவியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதான சாலையில் கொஞ்சம்தான் விலக வேண்டும். கார் நிறுத்தத்திலிருந்து அம்மா நடந்தே போகலாம். வழியில் ஏழரை கி.மீ. நீளச் சுரங்கச் சாலை வரும். சுங்கக் கட்டணம் உண்டு, ஆனால் சாவடி கிடையாது; கேமரா எண் பலகையைப் பிடித்துக்கொள்ளும். அன்றே இணையத்தில் கட்டிவிடுங்கள். விட்டால் வாடகைக் கார் நிறுவனம் சேவைக் கட்டணமும் சேர்த்து உங்கள் கார்டில் எடுக்கும். கட்ட விருப்பமில்லை என்றால் மலைக் கணவாய் வழி இருக்கிறது, 16 கி.மீ. கூடுதல்.

இரண்டாம் நாள், படகு முந்தின நாளே முடிந்திருந்தால், பெரிய சுற்று: ஆஸ்பிர்கி, டெட்டிஃபாஸ், மீவாட்ன் ஏரி, திரும்ப ஹூசாவிக். 200 கி.மீ.க்குச் சற்று மேல், நிறுத்தங்களோடு எட்டு மணி நேரம். ஆஸ்பிர்கி குதிரைக் குளம்பு வடிவப் பள்ளத்தாக்கு, சுற்றிலும் 100 மீட்டர் வரை செங்குத்துப் பாறை. ஓடின் கடவுளின் எட்டுக்கால் குதிரை மிதித்த தடம் என்பது ஊர்க்கதை; பனிப்பாறை உருகிப் பாய்ந்த பெருவெள்ளம் குடைந்தது என்பது புவியியல். உள்ளே பிர்ச் காட்டு வழியாகக் குளம் வரை சமதளப் பாதை. அம்மாவுக்கு இந்தச் சுற்றில் மிகவும் பிடிக்கப்போவது இதுதான். டெட்டிஃபாஸ் 100 மீட்டர் அகலம், 44 மீட்டர் உயரம். மேற்குக் கரைச் சாலை முழுவதும் தார் போட்டது, அதிலேயே போங்கள். கிழக்குக் கரையில் சரளைச் சாலை. ஆனால் மேற்குக் கரை நிறுத்தத்திலிருந்தும் அருவிக்கு ஒரு கி.மீ. அளவு கரடுமுரடான பாறையில் நடக்க வேண்டும், சாரலில் வழுக்கும். அம்மாவோடு ஒருவர் காரில் இருங்கள், மாறி மாறிப் பார்க்கலாம். மீவாட்ன் என்றால் கொசு போன்ற சிறு பூச்சிகளின் ஏரி. ஜூனில் பேர் பொருந்தும். பெரும்பாலானவை கடிக்காது, மூக்கிலும் கண்ணிலும் புகும். முகத்தை மூடும் வலை நான்கு பேருக்கும் வாங்குங்கள். பக்கத்திலுள்ள கொதிசேற்றுக் குழிகளில் கயிறு கட்டிய பாதையை விட்டு மகள் ஓரடி எடுக்கக் கூடாது. காய்ந்த மேலோடு போலத் தெரியும் மண்ணுக்கு அடியில் கொதிநீர் இருக்கும்.

நேரம் போதவில்லை என்றால் விட வேண்டியது டெட்டிஃபாஸ். ஆஸ்பிர்கியை விடாதீர்கள்.

அன்று மாலை ஊரின் வடக்கே, கலங்கரை விளக்கம் பக்கத்தில் 2018இல் திறந்த ஜியோசீ வெந்நீர்க் குளியல். பூமிச் சூட்டில் காய்ந்த கடல்நீர், 38 முதல் 39 டிகிரி; கழுத்தளவு நீரில் நின்று விரிகுடாவைப் பார்க்கலாம். ஐஸ்லாந்துக் குளங்கள் எல்லாவற்றிலும் ஒரே விதி: முதலில் ஆடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பிறகுதான் நீச்சலுடை போட்டு இறங்க வேண்டும். ஆண், பெண் தனித்தனி அறைகள். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். கூச்சமாக இருந்தால் கதவுள்ள தடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். முழு உடல் நீச்சலுடை போடலாம். பருத்திச் சுடிதாரோடு இறங்க விட மாட்டார்கள். அம்மா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடிக்கட்டும். செலவைக் குறைக்க நினைத்தால் ஊராட்சி நீச்சல் குளத்திலும் வெந்நீர்த் தொட்டிகள் உண்டு.

சாப்பாட்டில் "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள். மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம், இறைச்சி வேகவைத்த சாறும் வேண்டாம் என்று மூன்றாகச் சொல்லுங்கள்; காய்கறி சூப்பே அந்தச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். தயிர் போன்ற ஸ்கிர் எங்கும் கிடைக்கும், ஆனால் சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைநொதி சேர்ப்பார்கள். டப்பாவைப் படித்து வாங்குங்கள். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்து அரிசி, பருப்பு, பொடி வகைகளைக் கொண்டுபோவது உத்தமம். காய்கறி, பால், ரொட்டி பிரதான வீதி சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். குழாயின் குளிர்ந்த நீரை அப்படியே குடிக்கலாம்.

மூன்றாம் நாள் காலையைத் திட்டமில்லாமல் விடுங்கள். படகு இரண்டு முறை ரத்தாகியிருந்தால் அதுதான் உங்கள் கடைசி வாய்ப்பு. இல்லையென்றால் ஊரிலிருந்து இரண்டு கி.மீ. தொலைவில் உள்ள போட்ன்ஸ்வாட்ன் ஏரிக்குக் காரில் போய்க் கரையோரம் நடக்கலாம். லூபின் பூக்கள் சரிவை ஊதாவாக்கியிருக்கும். ஜூனில் கரையோரங்களில் ஆர்க்டிக் ஆலாக்கள் முட்டையிட்டிருக்கும். கூட்டுக்கு அருகே போனால் தலையைக் கொத்த வரும். உயரமான இடத்தைத்தான் அவை குறிவைக்கும். ஒரு குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.