தையல் அறையில் நூல், பஞ்சு, துண்டுத்துணி: கேள்வியும் பதிலும்

வீட்டில் தைப்பவர்களும் சிறு கடை வைத்திருப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. தையல் அறையில் சேர்வது ஒரே குப்பை இல்லை. ஊசி, குண்டூசி, ஹூக் ஒரு வகை. துண்டுத்துணி ஒரு வகை. நூல் ஒரு வகை. பஞ்சுத் தூசி ஒரு வகை. நான்கையும் ஒரே துடைப்பத்தால் அள்ளப் பார்ப்பதால்தான் எவ்வளவு கூட்டினாலும் அறை அப்படியே இருக்கிறது.

கேள்வி: அக்கா, தினமும் ரெண்டு தடவை பெருக்குறேன். பூந்துடைப்பத்துல நூல் சுத்திக்குதே தவிர தரை சுத்தமாகல. டைல்ஸ் தரைதான். என்ன பண்றது?

பதில்: முதலில் ஃபேனை நிறுத்துங்கள். இறக்கை முழுதாக நின்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பிறகு இந்த வரிசை.

முதலில் இரும்பு. பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த வட்டக் காந்தம் போதும். அதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, கவரோடு தரைமேல் நகர்த்துங்கள். முடிந்ததும் டப்பாவுக்கு மேல் பிடித்து, கவரின் உட்புறம் வெளியே வரும்படி திருப்பினால் ஊசிகள் கவருக்குள் அகப்பட்டுக்கொள்ளும், விரலில் குத்தாது. பித்தளை ஹூக்கும் பித்தளை சேஃப்டி பின்னும் காந்தத்தில் ஒட்டாது, அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும்.

அடுத்து துண்டுத்துணியைக் கையால் எடுத்துவிடுங்கள். அதன்பின் நூல். இதற்குப் பூந்துடைப்பம் வேண்டாம். பாத்ரூமில் தண்ணீர் தள்ளும் ரப்பர் வைப்பர் ஒன்றைத் தனியாக வாங்கி, காய்ந்த தரையில் உங்களை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். ரப்பரில் நூல் உரசி உருண்டு ஒரு கயிறு மாதிரி திரண்டு வரும். மெஷின் காலுக்கு அடியிலும் மூலையிலும் வைப்பர் நுழையாது. அங்கே ஈரமாக்கி நன்றாகப் பிழிந்த துணியை உள்ளங்கையால் உருட்டிக்கொண்டே போனால் நூல் அதில் சுற்றிக்கொள்ளும். கடைசியாக ஈரத்துணியால் துடைத்தால் பஞ்சுத் தூசியும் போய்விடும். ஈரத்துணியை முதலிலேயே போட்டுவிட்டால் நூல் தரையோடு ஒட்டிக்கொண்டு இரட்டை வேலையாகும்.

கேள்வி: வேக்குவம் கிளீனர் வெச்சு எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் சுழலும் பிரஷ் உருளை உள்ள முனையை மாட்டாதீர்கள். நூல் உருளையில் சுற்றி, இரண்டு ஓரத்துத் தாங்கிகளுக்குள் புகுந்து அதை நிறுத்திவிடும். ஏற்கெனவே சுற்றியிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தையல் பிரிக்கும் சீம் ரிப்பரை உருளையின் நீளவாக்கில் ஓட்டி நூலை அறுத்து உரித்தெடுங்கள். பிரஷ் இல்லாத வெறும் குழாய் முனைதான் தையல் அறைக்குச் சரி. அதன் வாயில் பழைய நைலான் வலைத்துணியை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் ஹூக்கும் பொத்தானும் உள்ளே போகாது.

கேள்வி: நூல் கீழே விழாமலே இருக்க வழி இல்லையா அக்கா? ஒரு நாளைக்கு 6 பிளவுஸ் தைக்கிறேன்.

பதில்: பாதிக்கு மேல் தடுக்கலாம். மேஜை ஓரத்தில், உங்கள் வலது கைக்கு நேர் கீழே, வாய் எப்போதும் திறந்தபடி நிற்கும் ஒரு பை தொங்க வேண்டும். மீதித் துணியில் 8 அங்குல வாய் வைத்துத் தைத்து, வாய் மடிப்புக்குள் ஒரு கம்பி வளையத்தை நுழைத்தால் போதும். குப்பைத் தொட்டி நாலடி தள்ளி இருந்தால் வெட்டிய நூல் மடியில் விழும், மடியிலிருந்து தரைக்கு வரும்.

இன்னொன்று, ஒரு துண்டு தைத்து முடித்ததும் நூலை வெட்டாமல் அடுத்த துண்டை, துணியை அழுத்தும் மெஷின் பாதத்துக்கு அடியில் வைத்துத் தொடருங்கள். கைத்துண்டு, பட்டி, லைனிங் என்று வரிசையாகத் தைத்துவிட்டு, நடுவில் இருக்கும் நூல் பாலங்களைக் கடைசியில் மொத்தமாக வெட்டலாம். ஒவ்வொரு முறையும் 4 அங்குல வாலை இழுத்து வெட்டுவது மிச்சம். வரிசையின் முதல் தையலில் மட்டும் மேல்நூல், கீழ்நூல் இரண்டின் வாலையும் மூன்று தையல் வரை பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் வால் கீழே இழுபட்டு, துணிக்கு அடியில் கூடு கட்டிக்கொள்ளும்.

கேள்வி: என்னோடது கருப்பு கால் மெஷின். தையல் திடீர்னு பொடிப்பொடியா விழுது, துணி நகர மாட்டேங்குது. தையல் நீளத்தை மாத்திப் பார்த்தும் சரியாகல.

பதில்: பெரும்பாலும் பல்லுக்கு நடுவில் பஞ்சு அடைத்திருக்கும். பாதத்துக்குக் கீழே மேலும் கீழும் அசைந்து துணியைத் தள்ளும் அந்தப் பல் வரிசைகளின் இடைவெளியில் பஞ்சு இறுகி இறுகி நமுதா (அழுத்திய கம்பளி) மாதிரி கெட்டியாகிவிடும். ஊசி இறங்கும் தட்டுக்கு மேலே பல் எழும்ப முடியாது, துணியைப் பிடிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, தட்டைக் கழற்ற வேண்டும்.

ஊசியை உயரே தூக்கி நிறுத்துங்கள். ஊசியையும் பாதத்தையும் கழற்றிவிட்டு, தட்டின் இரண்டு திருகாணிகளைத் திறங்கள். பற்களுக்கு நடுவே இருக்கும் பஞ்சுப் பாளத்தை ட்வீசரால் பெயர்த்தெடுத்து, மீதியைப் பழைய பல்துலக்கும் பிரஷால் துடையுங்கள். அப்படியே கீழ்நூல் கண்டு இருக்கும் பாபின் கேஸையும் எடுத்துவிடுங்கள். ஷட்டிலைப் பிடித்திருக்கும் இரண்டு கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் வளைய மூடி வரும், அதன் பின்னால் பிறை வடிவ ஷட்டிலும் வரும். அது ஓடும் பள்ளத்தில் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து கருப்புப் பசையாக இருக்கும். துணி முனையால் சுத்தமாகத் துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, பிறை வந்த பக்கமாகவே திருப்பி மாட்டுங்கள். பிறகு வேஸ்ட் துணியில் ஓரடி தைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டே நல்ல துணியைத் தொட வேண்டும்.

வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் துருவைக் கொண்டுவரும், பஞ்சும் இன்னும் உள்ளே போய் உட்காரும். தேங்காயெண்ணெயும் வேண்டாம், குளிர்ந்தால் உறையும், நாளானால் பிசின் போலாகி அத்தனை பஞ்சையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எட்டுப் பத்து மணி நேரத் தையலுக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள். டர்க்கி டவல், வெல்வெட், ஃபிளானல் தைத்தால் அன்றன்றே.

கேள்வி: பஞ்சு எல்லாம் எடுத்தாச்சு. ஆனாலும் துணிக்கு அடியில நூல் தொளதொளன்னு வருது.

பதில்: அடியில் தொளதொளத்தால் மேல்நூல் டென்ஷனைப் பாருங்கள். இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே அறுந்த நூல் துணுக்கு சிக்கியிருந்தால் தகடுகள் முழுதாக மூடாது. பாதத்தைத் தூக்குங்கள், தகடுகள் விலகும். தடித்த நூலை இரட்டையாக்கி நடுவில் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் துணுக்கு வந்துவிடும். மேல்பக்கம் தொளதொளத்தால் பாபின் கேஸின் பட்டை ஸ்பிரிங்கைப் பாருங்கள், அதற்கடியிலும் துணுக்கு சிக்கும். விசிட்டிங் கார்டின் மூலையை நுழைத்துத் தள்ளுங்கள். ஊசியால் நோண்டினால் கீறல் விழும், அப்புறம் நூல் அந்தக் கீறலில் மாட்டி அறுந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: கால் மெஷின் மிதிக்கவே கனமா இருக்கு. எண்ணெய் விட்டும் பிரயோஜனமில்ல.

பதில்: பெல்ட்டைக் கழற்றிவிட்டு மேலே கைச்சக்கரத்தைத் தனியாகவும் கீழே மிதியைத் தனியாகவும் ஓட்டிப் பாருங்கள். எது கனக்கிறதோ அங்கேதான் நூல். மேலே என்றால், கைச்சக்கரத்துக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவில், பாபின் சுற்றும்போது தவறிய நூல் அச்சில் இறுகியிருக்கும். கீழே என்றால், மிதிப்பலகையின் இரண்டு முனைகளையும், பெரிய சக்கரத்தை மிதியோடு இணைக்கும் கம்பியின் மூட்டையும் பாருங்கள். தரையில் கிடக்கும் நீள நூல் மிதியோடு ஏறி அங்கே போய்த்தான் சுற்றும். பிளேடால் அச்சின் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டு எண்ணெய் விடுங்கள். நூல் இருக்கும்போதே எண்ணெய் விட்டால் நூல்தான் குடிக்கும், அச்சுக்குப் போகாது. அதனால்தான் உங்களுக்குப் பிரயோஜனம் தெரியவில்லை.

கேள்வி: துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினுக்கு?

பதில்: தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கத்தி துணியை வெட்டிக்கொண்டே தைப்பதால் மற்ற மெஷின்களைவிடப் பல மடங்கு பஞ்சு கொட்டும். ஸ்விட்சை அணைத்து, முன்கதவையும் பக்கக் கதவையும் திறந்து, நூலைக் கண்ணியாக்கும் லூப்பரைச் சுற்றியும் கீழ்க்கத்தியின் பின்னாலும் பிரஷ் போடுங்கள். வெட்டுப்பட்டை விழும் இடத்துக்கு நேராக மேஜை விளிம்பில் ஒரு கவரை டேப் போட்டு ஒட்டிவிட்டால் தரைக்கு வராது.

பவர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெஷினின் தலைப்பகுதியைப் பின்னால் சாய்த்து எண்ணெய்த் தட்டைப் பாருங்கள். பஞ்சு விழுந்து பம்ப்பின் வலையை அடைத்தால் மேலே எண்ணெய் ஏறாது, மெஷின் சூடாகும். கிளட்ச் மோட்டார் ஸ்விட்சை அணைத்த பிறகும் சற்று நேரம் சுழலும். பெடலை மிதித்துப் பார்த்து, ஊசி அசையவில்லை என்று உறுதியான பிறகே கையை உள்ளே விட வேண்டும்.

கேள்வி: ஆரி வொர்க் பிளவுஸ் பின்பக்கம் நிறைய நூல் தொங்குது. கஸ்டமர் பார்த்தா அசிங்கமா இருக்கும்னு ஒட்ட வெட்டிட்டேன். ஒரு பூ மொத்தமா பிரிஞ்சிடுச்சு.

பதில்: ஆரி என்பது சங்கிலித் தையல். முடிச்சு இல்லாத முனையை இழுத்தால் கடைசிக் கண்ணியிலிருந்து வரிசையாக அவிழ்ந்து வரும். பின்பக்க முனை ஒவ்வொன்றும் முடிச்சிட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முடிச்சில்லாததை ஊசியில் கோத்து, பக்கத்துத் தையலுக்கு அடியில் இரண்டு முறை நுழைத்துக் கட்டுங்கள். வெட்டும்போது அரை அங்குலம் விட்டுவிடுங்கள். அசிங்கமாகத் தெரிந்தால் லைனிங் மூடிக்கொள்ளும், அவிழ்ந்த பூவை எதுவும் மூடாது.

சாதாரணத் தையலில் 2, 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டலாம், முனையில் ரிவர்ஸ் தையல் போட்டிருந்தால் மட்டும். ஓவர்லாக் வாலை வெட்டாமல், மொட்டை ஊசியில் கோத்துத் தையலுக்குள்ளேயே 2 அங்குலம் இழுத்துவிடுவது நல்லது.

கேள்வி: துண்டுத்துணி மூட்டை மூட்டையா சேர்ந்திருக்கு. தூக்கிப் போட மனசு வரல. எதை வெச்சுக்கிறது?

பதில்: மனது வராததில் தப்பே இல்லை, நல்ல துணி அது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டால் தேவைப்படும்போது கிடைக்காது, கிடைக்காதது குப்பைதான். வெட்டும் மேஜையிலேயே, வெட்டிய அன்றைக்கே பிரியுங்கள்.

கால் மீட்டருக்கு மேல் இருந்தால் மடித்து அலமாரிக்குப் போகும். குறுக்கே, அதாவது 45 டிகிரியில், 12 அங்குலமாவது வருகிற துண்டை 1¼ அங்குலப் பட்டையாக அப்போதே வெட்டிச் சுருட்டி வையுங்கள், ஓரத்தில் வைத்துத் தைக்கும் பைப்பிங்குக்கு ஆகும். 2 அங்குலச் சதுரம், துணி சுற்றிச் செய்யும் பொட்லி பொத்தானுக்குப் போதும். மல் லைனிங் துண்டு 12 அங்குலம் இருந்தால் பட்டுக்கு மேல் போட்டு அயர்ன் செய்ய வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சின்னதில் பருத்தியை மட்டும் தனியாகப் போடுங்கள், டூ வீலர் மெக்கானிக்குகள் கை துடைக்க வாங்கிக்கொள்வார்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் பட்டறைகளுக்குப் போவதும் இதே காரணத்தால்தான், எண்ணெயை உறிஞ்சும். பாலியெஸ்டர் உறிஞ்சாது, அதை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

எது என்ன துணி என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்திப் பாருங்கள். காகித வாசனையோடு எரிந்து மெத்தென்ற சாம்பல் ஆனால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியானால் பாலியெஸ்டர். முடி பொசுங்கும் வாசனையும் நசுங்கும் கரியும் வந்தால் பட்டு.

தலையணைக்குள் அடைப்பது பலரும் செய்வது. துண்டுகளை ஓரங்குலத்துக்குள் நறுக்காவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும், நறுக்கினாலும் கனக்கும். தரையில் போடும் திண்டுக்குச் சரி, தலைக்கு வேண்டாம். அடைக்கும் முன் காந்தத்தை ஒரு தடவை ஓட்டுங்கள்.

கேள்வி: கஸ்டமர் துணியில மீதி வந்தா நாமளே வெச்சுக்கலாமா?

பதில்: அது அவர்களுடையது. துணியைச் சுருட்டி, அதே துணியின் ஓரப்பட்டையால் கட்டி, பெயரெழுதி, பிளவுஸோடு திருப்பிக் கொடுங்கள். பின்னாளில் அக்குளில் பிரித்து அகலப்படுத்த ஆறு அங்குலத் துண்டு இல்லாமல் எத்தனையோ நல்ல பட்டு பிளவுஸ் பீரோவிலேயே கிடக்கிறது.

கேள்வி: நூலைச் செடிக்கு உரமாப் போடலாமா? பருத்தி மக்கும்னு சொல்றாங்களே.

பதில்: பருத்தி மக்கும். ஆனால் கடையில் வாங்கும் தையல் நூலில் பெரும்பகுதி பாலியெஸ்டர். தைத்த பருத்தித் துணியைப் புதைத்தால் துணி மறைந்து தையல் மட்டும் மண்ணில் கிடக்கும். ஆகவே தைக்காத பருத்தி வெட்டுத்துண்டை மட்டும் பொடியாக நறுக்கிப் போடுங்கள். நூல் குப்பையைத் தொட்டிக்கே அனுப்புங்கள், அதுவும் உருண்டையாக்கி, கவரில் கட்டி. மொட்டை மாடியிலோ தெருவிலோ உதறினால் புறா, மைனா கால்களில் சுற்றி விரலை இறுக்கிவிடும். கொளுத்துவது வேண்டவே வேண்டாம், பாலியெஸ்டர் புகை நெஞ்சுக்கு ஆகாது.

கேள்வி: வீட்ல 5 மாசக் குழந்தை இருக்கு, பூனையும் இருக்கு. தைக்கிற ரூம்லயே தூங்குறாங்க.

பதில்: முடிந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள். பாய், போர்வை, சாக்ஸ் வழியாக ஒரு நூல் குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். காரணம் தெரியாமல் விடாமல் அழுதால் கைவிரல், கால்விரல்களைப் பிரித்துப் பாருங்கள். சிவந்து வீங்கி நூல் புதைந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பூனை நூலை விழுங்கும், ஊசியோடு சேர்த்தும் விழுங்கும். வாயிலோ பின்புறமோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் சுருங்கி அறுபடும். வெட்டவும் வேண்டாம், அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ராத்திரி படுக்கும் முன் நூல்கண்டு, பாபின், ஊசி கோத்த நூல் எல்லாம் மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும்.

கேள்வி: உடைஞ்ச ஊசியை எங்க போடறது?

பதில்: மூடி இறுக்கமான பழைய தகர டப்பாவில். உடைந்ததும் எல்லாத் துண்டுகளையும் மேஜைமேல் சேர்த்து வைத்து முழு ஊசியாகிறதா என்று பாருங்கள். ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் துண்டுகள் முழுவதும் கிடைத்தால்தான் புது ஊசி தருவார்கள். முனைத் துண்டு மட்டும் காணவில்லை என்றால் அது தைத்துக்கொண்டிருந்த துணிக்குள்ளோ பல்லுக்கு அடியிலோதான் இருக்கும். தட்டைக் கழற்றிப் பார்த்து, துணிமேல் காந்தத்தை ஓட்டிய பிறகு தையலைத் தொடருங்கள்.