டி.எஸ். பாலையாவின் நடிப்பில் அப்படி என்ன தனிச்சிறப்பு? எந்தப் படங்களில் தொடங்கலாம்?

கேட்பதை நடித்துக் காட்டுவதுதான் அவருடைய பெரும்பலம். அடுத்தவர் பேசும்போதோ பாடும்போதோ பாலையாவின் முகத்தைப் பாருங்கள், அங்கேதான் அவர் இருக்கிறார்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியில் தொடங்குங்கள். முதல் தடவை நாகேஷைப் பாருங்கள், எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். இரண்டாம் தடவை பாலையாவை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கதையில் வரும் காடோ பேயோ நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாலையா பயப்படுவதால்தான் நாம் அவற்றை நம்புகிறோம். அந்தப் பயமும் எடுத்த எடுப்பில் வருவதில்லை, படிப்படியாக ஏறுகிறது. தொடக்கத்திலேயே நடுங்கியிருந்தால் பாதியில் காட்சி படுத்திருக்கும்.

அதே படத்தில் ‘அசோகர் உங்க மகருங்களா’ என்று கேட்பார். எதிரில் இருப்பவர் பெரிய பணக்காரர் என்று நினைத்ததும் ‘மகன்’ என்ற சொல்லுக்கே மரியாதை விகுதி வந்து ஒட்டிக்கொள்கிறது! பாத்திரத்தின் பணத்தாசை முழுவதும் அந்த ஒரு ‘ர்’-இல் தெரிந்துவிடும். பாலையாவைப் போலப் பேசிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இழுவையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். குழைவை விட்டுவிடுவதால் வெறும் கேலியாகிப் போகிறது.

அடுத்தது ‘திருவிளையாடல்’ (1965). ஹேமநாத பாகவதராக ‘ஒரு நாள் போதுமா’ பாடும் இடத்தைப் பலரும் சொல்வார்கள். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலைச் சுமக்கிற செருக்கு அந்த முகத்தில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, இரவில் விறகுவெட்டியின் பாட்டை அவர் கேட்கும் இடம்தான். சபையில் பார்த்த அந்தச் செருக்கு அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தன்னோடு போட்டியில் பாடவிருந்த பாணபத்திரர் லாயக்கில்லை என்று தள்ளிய ஆளே இப்படிப் பாடுகிறான் என்று அறிந்ததும் ஊரை விட்டே போகிறார். அந்த முகம் இல்லாவிட்டால் அந்த முடிவை நாம் நம்பமாட்டோம்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் தவில்காரர். ‘நலந்தானா’ பாட்டின்போது சிவாஜியையும் பத்மினியையும் விட்டுவிட்டு ஒரு தடவை இவரை மட்டும் கவனியுங்கள்.

இந்தப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு அவரை நகைச்சுவை நடிகர் என்று நினைத்துவிடக் கூடாது. நாடகத்திலிருந்து வந்தவர். 1936-இல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாக அறிமுகமானார். எம்.ஜி.ஆருக்கும் அதுவே முதல் படம். அடுத்த ஆண்டு ‘அம்பிகாபதி’யில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிரியாக வந்தார். ‘தூக்கு தூக்கி’யில் (1954) கொச்சைத் தமிழ் பேசும் சேட்டு. 1972-இல் காலமானார்.

முடிந்தால் ‘காதலிக்க நேரமில்லை’யின் இந்தி வடிவமான ‘பியார் கியே ஜா’வையும் (1966) பாருங்கள். அதே பேய்க்கதையை மெஹ்மூத் சொல்ல, ஓம் பிரகாஷ் கேட்கிறார். அதைப் பார்த்த கையோடு பாலையாவிடம் திரும்பி வாருங்கள்.